அடுத்த மழைக்கான விறகு

செம்பனையில் விறகு கிடையாது. தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஓங்கி வளர்ந்து நிற்கும் மரம்தான். ஆனால் வெட்டிப் பார்த்தால் உள்ளே நாரும் ஈரமும்தான். கோடாலி போட்டால் பிளக்காது, அமுங்கும். காய்ந்த மட்டையை அடுப்பில் வைத்தால் வைக்கோல்போலக் குப்பென்று பற்றி, உலை கொதிப்பதற்குள் அணைந்துவிடும். ஆலைக் கொதிகலன்களில் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரிக்கிறார்கள். வீட்டு அடுப்புக்குக் கொடுக்க அந்த மரத்திடம் பெரிதாக எதுவும் இல்லை.

1960களில் தொடங்கிப் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அந்த மாற்றத்தில் தோட்ட மக்கள் இழந்தவற்றைப் பற்றி நம்மிடம் கதைகள் இருக்கின்றன, நாவல்கள் இருக்கின்றன. நான் வாசித்தவற்றில் விறகு ஓரமாகத்தான் வந்து போகிறது. என் அம்மாவுக்கோ அதுதான் முதல் கணக்கு. "பால்மரம் செத்தாலும் நமக்குச் சோறாக்கும். செம்பனை என்னத்தக் குடுக்கும்? முள்ளத்தான் குடுக்கும்."

பால்மரத்திலிருந்து 25, 30 ஆண்டுகள்வரை பால் எடுக்கலாம். அதன்பின் ஒரு பகுதி மரங்களை மொத்தமாகச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். அந்த மாதங்களில் லயத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை. மற்ற நாட்களில் காற்றில் ஒடிந்து விழுந்த கிளைகள்தான். பெரிய கட்டைகள் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் கொட்டகைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் தடித்த கிளைகளை வெட்டித் தருவார்கள். அன்றாட விறகு பெண்களின் வேலை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய கையோடு பாராங்கத்தியையும் சும்மாட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு மறுபடி அதே காட்டுக்குள் போக வேண்டும். பற்றவைக்க ஒரு துண்டு ஒட்டுப்பால் வேண்டும். ஒட்டுப்பாலும் தோட்டத்தின் சொத்து. "அடுப்பப் பத்தவைக்கவே தெனம் ஒரு சின்னத் திருட்டு பண்ணணும்" என்று சொல்லி அம்மா சிரிப்பார்.

பிறகு அந்த மரத்துக்கே விலை வந்தது. 1980களில் ரப்பர் மரத் தளவாடங்கள் ஏற்றுமதியாகத் தொடங்கின. மறுநடவில் சாய்ந்த அடிமரங்கள் லாரி ஏறி அறுப்பாலைக்குப் போயின. இன்று நம் வீடுகளில் இருக்கும் வெளிர்மஞ்சள் சாப்பாட்டு மேசைகளில் பல, ஒரு காலத்தில் யாரோ பால் வெட்டிய மரங்கள்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் தம்பியும் சேர்ந்து கூலிமுக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு ஒரு பழைய பலகை வீட்டை வாங்கினோம். அம்மா குடிவந்த இரண்டாவது வாரம் பின்கட்டைக் காட்டி, "இங்க ஒரு வெறகடுப்பு போட்டுக்கலாமா பாப்பா?" என்று கேட்டார். கேஸ் தோம்பு 14 கிலோ, 26 ரிங்கிட் 60 காசு. தேவைக்கு அதுவே போதும். எனக்குத் தயக்கமாக இருந்தது. காரணம் என் பாட்டி. பாட்டியை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அவருடைய இருமல். சமையலறைச் சுவர் எவ்வளவு கறுப்போ அவ்வளவு கறுப்பாக அவருடைய நெஞ்சும் இருந்திருக்க வேண்டும். விறகு, கரி, சாணம் போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் உண்டாகும் புகை 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேரின் உயிரைப் பறித்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. விறகடுப்புச் சமையலின் ருசியைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஊதுகுழலைப் பிடித்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

இதை நான் சொன்னதும் அம்மா கோபப்பட்டார். "நான் என்ன குந்திக்கிட்டு ஊதுற அடுப்பா கேட்டேன்? நின்னுக்கிட்டுச் சமைக்கிற மாதிரி, பொகை வெளியே போற மாதிரி கட்டுங்க. முட்டி மடங்குற வயசா எனக்கு?" அவருக்கு வேண்டியது பழைய அடுப்பே இல்லை. அந்த அடுப்பில் எதெல்லாம் தன்னை வதைத்ததோ அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்டார்.

கொத்தனார் வேலை தெரிந்த தூரத்துச் சொந்தம் ஒருவர் வந்தார். இடுப்பு உயரத்துக்கு மேடை. உள்சுவருக்கு வெப்பம் தாங்கும் செங்கல். தீ எரியும் இடத்துக்கு அடியில் இரும்புக் கம்பிச் சல்லடை. சாம்பல் கீழே விழவும், கீழிருந்து காற்று ஏறவும் அந்தச் சல்லடைதான் வழி. முன்னால் பெரிய வாய், அதன் பின்னால் கொடியடுப்பு. பெரிய பானையைச் சுடவைத்த அனல் கொடியடுப்பில் இருக்கும் சட்டியைத் தொட்டுவிட்டு, அதற்கும் பின்னால் ஆறு அங்குலக் குழாய் வழியாக மேலே போகும். வெந்நீரும் குழம்பும் ஒரே தீயில்.

புகைபோக்கி எளிய பொருள்போலத் தெரியும். கட்டும்போதுதான் அதன் நுட்பம் புரிகிறது. குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று லேசானது, அதனால் மேலேறும். அது காலிசெய்த இடத்துக்கு அடுப்புவாய் வழியாகப் புதுக்காற்று வரும். குழாய் உயரமாகவும் உள்ளே சூடாகவும் இருந்தால் இழுப்பு பலமாக இருக்கும். ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும் என்பதால் ஒரே வளைவோடு நிறுத்தினோம். கூரை முகட்டுக்கு மேலே இரண்டடி உயர்த்தினோம். தாழ்வாக விட்டால் முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பும். பலகை வீடு என்பதால் குழாய் துளைத்துப் போகும் இடத்தில் மரச்சட்டங்களை அறுத்துத் தள்ளி, சுற்றிலும் தகரம் அடித்து இடைவெளி விட்டோம். மழைக்கு ஒரு தொப்பி. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1950களிலேயே புகைபோக்கி வைத்த மலிவான மண்ணடுப்பை வடிவமைத்திருக்கிறார். என் பாட்டி ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்த அதே காலம். அறிவு இருந்தது. லயத்துச் சமையலறைவரை அது வந்து சேரவில்லை.

அடுப்பு முடிந்த பிறகு விறகு. பக்கத்து நிலம் ஒரு மலாய்க்காரப் பெரியவருடையது. அம்மாவுக்கு அவர் 'பாக்சிக்'. ரிஸ்டாவின் மறுநடவு உதவி கிடைத்து, அவர் தன் பழைய பால்மரங்களைச் சாய்த்தார். குத்தகைக்காரர் அடிமரங்களை ஏற்றிக்கொண்டு போனார். கிளைகள் கிடந்தன. "எடுத்துக்கொள்ளுங்கள், நிலம் சுத்தமானால் எனக்கும் நல்லதுதான்" என்றார் பெரியவர்.

தம்பி செயின்சாவைப் பிடித்தான். ஒன்றரை அடித் துண்டுகளாக அவன் அறுத்துப்போட, நான் கோடாலியால் பிளந்தேன். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவு போட்டார். கணுவில் அடிக்காதே. வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று முதலில் பார். கோடாலியைத் தூக்குவதுதான் உன் வேலை, இறங்குவது அதன் வேலை. பச்சையாக வெட்டிய பால்மரக் கட்டையின் விளிம்பில் பால் கசிந்து வெள்ளையாகக் கட்டியிருந்தது. வெட்டிய நாளில் அதன் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். அந்த ஈரத்தோடு எரித்தால் தீயின் பலமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், மிச்சம் புகைதான். "ஈர வெறகு அழும், நம்மளையும் அழவைக்கும்." நல்ல விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். அம்மாவின் அளவுகோல் வேறு. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவார். 'தொப்' என்றால் இன்னும் காயவில்லை. 'டங்' என்றால் அடுப்புக்குத் தயார்.

பால்மர விறகை மெதுவாகக் காயவிடவும் முடியாது. சில நாட்களிலேயே நீலப்பூசணம் படரும், வண்டு துளைக்கும். அதனால் உடனே பிளந்து, தரையைத் தொடாமல் அடுக்க வேண்டும். கீழே செங்கல், அதன்மேல் இரண்டு சட்டங்கள், பட்டை மேல்பக்கம் பார்க்க விறகு, உச்சியில் மட்டும் தகரம். பக்கங்களை மூடக்கூடாது, காற்று ஓட வேண்டும். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வெயில் கடுமை. அந்த இரண்டு மாதங்கள் பாதி வேலையை முடித்துவிடும்.

பட்டை மேலா, கீழா என்பது நார்வேயில் பெரிய சண்டை. 2013இல் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றியே பன்னிரண்டு மணிநேர நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. பட்டையை மேலே வைக்கிறார்கள் என்று ஒரு கூட்டமும், கீழே வைக்கிறார்கள் என்று இன்னொரு கூட்டமும் புகார் அனுப்பின. அந்த நிகழ்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்தது லார்ஸ் மிட்டிங் 2011இல் எழுதிய நூல். மரம் வெட்டுவது, அடுக்குவது, காயவைப்பது, எரிப்பது, இவ்வளவுதான் அதன் விஷயம். நார்வேயில் அது அமோகமாக விற்றது. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பட்டை விஷயத்தில் தன் கட்சி எது என்று உறுதியாகச் சொன்னார். குளிர்காலத்துக்காக ஓராண்டு, இரண்டாண்டு முன்னதாகவே விறகு அடுக்கிவைப்பார்கள் என்று சொன்னபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டு வருசத்துக்கா? சொந்த எடமா இருக்கும்."

அதன் பிறகுதான் நான் கேட்டேன், லயத்தில் எத்தனை நாளுக்கு விறகு வைத்திருப்பீர்கள் என்று. பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்றார். மறுநடவு நடக்கும்போது மலைபோலக் கிடக்குமே, எடுத்து அடுக்கியிருக்கலாமே என்றேன். அப்போது அம்மா சொன்ன விஷயம் எனக்கு அதுவரை தெரியாது.

அம்மா பிறந்த தோட்டம் 1960களின் தொடக்கத்தில் துண்டாடப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போன காலம். வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். வேலையோடு வீடும் போனது. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க முயன்றார். அம்மாவின் தோட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அப்போதுதான் ஒரு மறுநடவு முடிந்திருந்ததாம். தாத்தா வீட்டுப் பின்சுவர் முழுக்க, கூரைத் தாழ்வாரம்வரை விறகு அடுக்கியிருந்தார். லயத்திலேயே பெரிய அடுக்கு. வெளியேறச் சொன்னபோது லாரியில் பெட்டிக்கும் பாய்க்கும்தான் இடமிருந்தது. விறகு அப்படியே நின்றது. ஏழெட்டு வயதுப் பெண்ணாக லாரியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே போனது அம்மாவுக்கு நினைவிருக்கிறது.

"அதுக்கப்புறம் உங்க பாட்டி ரெண்டு வாரத்துக்கு மேல வெறகு சேக்கவே விட்டதில்ல. நானும் சேக்கல."

நான் பிறந்தது அவர்கள் போய்ச் சேர்ந்த இரண்டாவது தோட்டத்தில். 1990களில் அதுவும் வீடமைப்புத் திட்டத்துக்காகக் கைமாறியது. அன்றைக்கும் லாரி வந்தது. பாட்டியும் அம்மாவும் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். விட்டுவிட்டு வர எங்களிடம் விறகு இல்லை.

தோட்ட வாழ்க்கையில் நம்மவர்கள் சேமிக்கத் தெரியாதவர்கள், நாளையைப் பற்றி நினைக்காதவர்கள் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். படித்த தமிழர்களே பேசுவார்கள். நாளைக்காக அடுக்கிவைக்க, நாளைக்கும் அதே சுவர் நம்முடையதாக இருக்க வேண்டும். மாதக் கணக்கில் காத்திருந்து பக்குவமாகும் பொருள் விறகு. வீடு வேலையோடு ஒட்டியிருக்கும்போது, வேலை யாருடைய கையெழுத்திலோ தொங்கும்போது, இரண்டு வாரக் கணக்கே புத்திசாலித்தனம். அவர்கள் நாளையை நினைக்காமல் இல்லை. நாளை எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டிருந்தார்கள்.

இப்போது அம்மா அன்றாடச் சமையலை கேஸ் அடுப்பில்தான் செய்கிறார். விறகடுப்பு குளிக்க வெந்நீருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக்கும், பொங்கலுக்கும். ருசி கூடுதலா என்று விருந்தாளிகள் கேட்டால், "மசாலா ஒழுங்கா அரைச்சா எந்த அடுப்புலயும் ருசிதான்" என்று முடித்துவிடுவார். அடுப்பைவிட அவர் அதிக நேரம் செலவிடுவது அடுக்கின் பக்கத்தில்தான். சரிந்ததை எடுத்துவைப்பார். கறையான் ஏறியிருக்கிறதா என்று செங்கலைச் சுற்றிப் பார்ப்பார். முதல் அடுக்கு போன வருடத்து விறகு. இரண்டாவது இந்த வருடத்தது. சட்டத்தில் சாக்கட்டியால் வருடத்தை எழுதிவைத்திருக்கிறார்.

மூன்றாவது அடுக்குக்கு வேலியோரம் செங்கல் போட்டாகிவிட்டது. பாக்சிக்கின் மேற்குப் பக்கத்து மரங்களை இன்னும் இரண்டு ஆண்டுகளில் சாய்ப்பார்களாம். அந்தக் கிளைகள் எங்களுக்குத்தான் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்துவிட்டார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.