துணி சுற்றிய வளையம்

என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று நமது தகப்பனார் வினவும்போதெல்லாம், கைத்தொலைபேசியின் சார்ஜரையே எடுத்துக் காட்டுவது நம் வழக்கம். "இதனுள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது, அதைச் சிறிதாக்க முயல்கிறோம்" என்போம். "அதற்கு நான்கு வருஷமா?" என்பார். கேள்வி நியாயமானதே.

டிரான்சிஸ்டர்கள் ஆண்டுக்காண்டு சுருங்கின. சுருளும் அதன் காந்த உள்ளகமும் அவ்வாறு இணங்கவில்லை. சுருளின் தொழில் யாது? மின்னோட்டம் வெட்டி வெட்டி வரும்பொழுது, சிறிது ஆற்றலைக் காந்தமாக வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பது. வினாடிக்குப் பத்து இலட்சம் முறைக்கு மேல் வெட்டினால், ஒவ்வொரு முறையும் தேக்க வேண்டியது குறையும், சுருளும் சிறிதாகலாம். ஆயின், அத்துணை விரைவில் மாறும் காந்தம் உள்ளகத்தின் உலோகத்திலேயே சுழல் மின்னோட்டங்களை எழுப்பி, ஆற்றலை வெறும் சூடாக்கிவிடும். உள்ளகத்தை ஒன்றையொன்று தொடாத மென்தகடுகளாகப் பிரிப்பதே பரிகாரம். அதே கனத்தைப் பத்துத் தகடாக்கினால் இவ்விழப்பு நூறில் ஒரு பங்காகும்.

1831 ஆகஸ்டு 29-இல் மைக்கேல் பாரடே இலண்டனில் சோதித்த இரும்பு வளையத்தில், செம்புக் கம்பியின் சுற்றுகள் ஒட்டாதிருக்கக் கயிறும் காலிகோத் துணியுமே இடப்பட்டிருந்தன. நாமோ சிலிக்கன் வில்லையின்மீது நிக்கல் இரும்புக் கலவையை மின்முலாமாக ஏற்றி, துணிக்குப் பதிலாக ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய படலத்தை இட்டோம். மனித மயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைவிற்கொள்க.

ஐந்து மாத உழைப்பில் ஆறு சுருள்கள் தேறின. நான்கு நம் கணக்குப்படி நடந்தன, இரண்டு கொதித்தன. அவ்விரண்டையும் அறுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நோக்கினோம். தகடுகள் இருபுற ஓரங்களிலும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓர் ஓரம் மட்டும் ஒட்டியிருந்தால் சுழலுக்கு முழு வழி கிடைத்திராது; இரு ஓரமும் கூடியதால் வழி திறந்துவிட்டது.

தூசியினால் கெட்டவை என்று ஒரு வரி எழுதி, நான்கை மட்டும் அட்டவணையிலிட்டால் கட்டுரை எளிதில் ஏறியிருக்கும். நமது உதவித்தொகையும் அவ்வாண்டோடு முடிவதாயிருந்தது. அந்த வரியை எழுதியும் விட்டோம். உண்மை அதுதான், மறைப்பானேன்? இரண்டு நாள் அது தாளில் இருந்தது. நண்பரொருவர் படித்துவிட்டு, "எந்தத் தூசி?" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை.

ஆறையும் படத்தோடு எழுதியனுப்பினோம். ஓரங்களைச் சீர்செய்து காட்டுக என்று கட்டுரை திரும்பி வந்தது. பட்டம் ஓராண்டு தள்ளிப் போயிற்று. மாணவர்க்குப் பாடம் சொல்லி வயிறு வளர்த்தோம். அறுத்த துண்டொன்றைத் தகப்பனாரிடம் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்திற்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எந்த ஓரம்?" என்றார்.