எரியாத விளக்கு

எரிகின்ற விளக்கு நமக்கு ஏதோ ஒன்றைச் சொல்கிறது. எரியாத விளக்கு என்ன சொல்கிறது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேனல் போர்டுகளுக்குக் கம்பி இணைத்துப் பிழைத்தவன் நான். அந்தக் கேள்வியைப் பொறுமையாக எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு, ஓய்வுபெற்ற பின் ஒரு பொம்மை இரயிலின் வழியாகவே எனக்குக் கிட்டியது.

சேவூருக்கு இருப்புப்பாதை கிடையாது. இரயிலைக் காண வேண்டுமாயின் வஞ்சிபாளையத்திற்கோ திருப்பூருக்கோ செல்ல வேண்டும். அதனால்தானோ என்னவோ, வெளிநாட்டில் பணிபுரியும் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த தோட்ட இரயில் என் பேரனுக்குப் பெருஞ்செல்வமாயிற்று. செருமனியின் நூரம்பர்க் நகரைச் சேர்ந்த லேமன் நிறுவனம் 1968-இல் அறிமுகம் செய்த எல்.ஜி.பி. வகை இரயில் அது. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 45 மில்லிமீட்டர். தண்டவாளம் பித்தளையால் ஆனது. வெயிலையும் மழையையும் தாங்கும். கொல்லையில் வேப்பமரத்தைச் சுற்றி ஒரு வட்டப்பாதையும், தண்ணீர்த் தொட்டியருகே ஒரு கிளைப்பாதையுமாக அதனைப் பதித்தோம். அதனை இயக்குவதற்கான கட்டுப்பாட்டுப் பலகையைச் செய்யும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது.

ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கப் போகிறவன் சிறுவன். ஆகவே 230 வோல்ட் மின்சாரம் வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டேன். டிரான்ஸ்பார்மரும் ஈ.எல்.சி.பி.யும் உள்ளறையில் அமைந்தன. 18 வோல்ட் நேர்மின்சாரம் மட்டுமே கொல்லைக்குச் சென்றது. ஒரு ஹைலம் தகட்டின்மேல் பாதையின் வரைபடத்தை வண்ணத்தில் தீட்டினேன். பாதையை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் எல்லையிலும் ஒரு தண்டவாளத்தில் சிறு இடைவெளி விட்டு, பகுதிக்கு ஒரு சுவிட்ச் வைத்தேன். மின்சாரத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். அதற்கும் ஒரு சுவிட்ச் அமைந்தது. இவ்வளவும் எளிய வேலைதான். அடையாள விளக்குகளைப் பொருத்தும் நேரத்தில்தான் என் கை நின்றது.

கிளைப்பாதைக்கு வண்டியைத் திருப்பும் இடத்திற்குப் பாயிண்ட் என்று பெயர். சுவிட்சைத் தட்டியதும் சிறு மோட்டார் ஒன்று பாயிண்டின் நாக்கை நகர்த்தும். அதற்கான விளக்கைச் சுவிட்சோடு இணைப்பது சுலபம். ஆனால் அப்படி இணைத்த விளக்கு, நாம் இட்ட கட்டளையைத்தான் நமக்கே திருப்பிச் சொல்லும். கட்டளை நிறைவேறியதா என்பதைச் சொல்லாது. விளக்கின் கம்பி பாயிண்டின் நாக்கு வரை சென்று திரும்ப வேண்டும்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணன் ஒருவர் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில், மோட்டாரின் அடையாள விளக்கு எரியவில்லை என்பதைக் கண்டு, மின்சாரம் நின்றுவிட்டது என நம்பி, அதன் இணைப்புப் பெட்டியைத் திறந்தார். நின்றிருந்தது மின்சாரம் அன்று. இழை அறுந்திருந்தது பல்பு. அவர் உயிர் பிழைத்தார். வலக்கை மட்டும் தொழிலுக்குத் திரும்பவில்லை. அந்த விளக்கு பொய் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தது. அந்த மௌனத்தை அவர் 'ஆபத்தில்லை' என்று படித்தார். அவ்வாறு படிக்க இடம் கொடுத்தது பலகையை அமைத்த முறை.

இருப்புப்பாதைத் துறையினர் இதற்கு நெடுநாள் முன்பே விடை கண்டவர்கள். பழைய கைகாட்டி மரத்தில் கம்பி அறுந்தால், கை தானாகவே கிடைமட்டமாகி 'நில்' என்று காட்டும். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற தடச்சுற்றிலும் இதே நெறிதான். தண்டவாளங்களின் வழியே சிறு மின்னோட்டம் சென்று ஒரு ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கரங்கள் மின்னோட்டத்தைக் குறுக்கே திருப்பிவிட, ரிலே விழும், சிவப்பு எரியும். தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் அவ்வாறே சிவப்பு எரியும். பச்சை பெறுவதற்குச் சான்று வேண்டும்; சிவப்புக்குச் சான்று தேவையில்லை.

அந்த நெறியையே என் சிறு பலகையிலும் கைக்கொண்டேன். பாயிண்டின் நாக்கு இருபுறமும் சென்று ஒட்டும் இடங்களில் லிமிட் சுவிட்ச் வைத்தேன். நாக்கு முழுமையாக ஒட்டினால்தான் அதற்குரிய ரிலே பிடிக்கும். ரிலே பிடித்தால்தான் விளக்கு எரியும். அந்தப் பகுதிக்கு மின்சாரமும் செல்லும். நேர்ப்பாதைக்குப் பச்சை, கிளைப்பாதைக்கு மஞ்சள். இரண்டும் இருண்டிருந்தால், காரணம் எதுவாயினும் பொருள் ஒன்றே: வண்டி நகரக் கூடாது.

ஒருநாள் பேரன் சுவிட்சைத் தட்டினான். இரு விளக்குகளும் எரியவில்லை; வண்டி நின்றுவிட்டது.

"அப்புச்சி, போர்டு கெட்டுப் போச்சுங்க" என்று முகம் வாடினான்.

"கெடல கண்ணு. தனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுது. போய்ப் பாரு" என்றேன்.

பாயிண்டின் நாக்கிடையே ஒரு வேப்பங்கொட்டை சிக்கியிருந்தது.

கொல்லையில் இது விளையாட்டு. 2023 சூன் 2-ஆம் நாள் மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பாகநாகா பசார் நிலையத்தில் இது விளையாட்டாக இருக்கவில்லை. சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு முதன்மைப் பாதையில் பச்சை காட்டப்பட்டது. பாயிண்டோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு வண்டியில் அது மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சைகைச் சுற்றில் செய்யப்பட்ட மாற்றங்களில் நேர்ந்த பிழைகளே காரணம் என்று இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. இணைப்புப் பெட்டியில் கம்பிகளுக்கு இட்டிருந்த பெயர்கள் தவறாயிருந்ததையும், அது ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாததையும் அது சுட்டியது. கம்பியின் முனையில் ஒட்டும் சிறு பெயர்ச்சீட்டை அற்பம் என்று கருதுவோர் உண்டு. பின்னால் வந்து அதே பெட்டியைத் திறக்கப் போகும், முகமறியாத ஒருவனுக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது.

இல்லங்களிலும் நாம் பல விளக்குகளைச் சுவிட்சோடுதான் இணைத்து வைத்திருக்கிறோம். "படித்தாயா?" என்கிறோம், "ஆம்" என்று வருகிறது. "வேலையிடத்தில் எல்லாம் நலமா?" என்கிறோம், "நலம்" என்று வருகிறது. கேட்டவரின் விருப்பமே விடையாகத் திரும்பி வருகிறது. எழுந்து சென்று அருகில் அமர்ந்து பார்ப்பவருக்கே, நாக்கிடையே சிக்கிய கொட்டை கண்ணில் படும். பேசாதிருக்கும் பிள்ளையை 'அவனுக்கு ஒன்றுமில்லை' என்று படித்துவிடுதல், எரியாத விளக்கைக் கண்டு பெட்டியைத் திறப்பது போன்றதே.

சென்ற மாதம் அந்த அண்ணனை அழைத்து வந்து பலகையைக் காட்டினேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் ஒன்றும் பேசாமல் பின்புறம் சென்று, பாயிண்டிலிருந்து வரும் கம்பியை இடக்கையால் உருவினார். பச்சை அணைந்தது. வட்டத்தைச் சுற்றி வந்த வண்டி, பாயிண்டின் பகுதிக்குள் நுழைந்ததும் நின்றது. சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, கம்பியின் பெயர்ச்சீட்டைப் படித்து, அதன் இடத்திலேயே மீண்டும் செருகினார்.