கீழப்பாவூர் குளமும் புன்னைக்காயல் சிப்பியும்

பாவூர்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கொஞ்ச தூரத்தில் கீழப்பாவூர். நரசிம்மரைத் தரிசித்துவிட்டுப் பெரிய குளத்தங்கரையில் சற்று நில்லுங்கள். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறுதான் இந்தப் பக்கத்துக் குளங்களுக்கு உயிர்.

அந்தச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. வாய்க்காலில் நாம் எறியும் பழைய பேட்டரியின் ஈயம்கூட வண்டலோடு ஒட்டிக்கொண்டு அதே வழியில் போகும். கழிமுகத்தில் வேகம் குறைந்ததும் வண்டல் அடியில் படிகிறது. அங்கே சேற்றைத் தின்னும் புழுவும், தண்ணீரை வடிகட்டி இரை தேடும் சிப்பியும் அதை விழுங்குகின்றன.

ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கிறது. அளவோடு இருந்தால் அதுவும் உயிருக்குத் தேவை. நண்டின் ரத்தம் நீலமாக இருப்பதே தாமிரத்தால்தான். ஆனால், ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் உடலில் ஒரு வேலையும் இல்லை. உள்ளே போனால் லேசில் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் தெரியவந்த பாதரச நோய், மீனும் சிப்பியும் சாப்பிட்ட குடும்பங்களைத்தான் முடக்கியது.

குளத்தங்கரையில் நிற்கும்போது கடல் வெகுதூரம் என்றுதான் தோன்றும். ஆனால், தண்ணீருக்கு அது ஒரே தெரு. தெருக்கோடியில் இருக்கும் சிப்பி, நாம் போட்டதைத்தான் சாப்பிடுகிறது. நாளை அதுவே நம் சட்டிக்கும் வரும்!