ஆச்சியின் சொற்கள்

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. அந்நிலத்தின் நடுவே அமைந்த ஊர் குருவிகுளம். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அவ்வூரில்தான். எங்கள் பக்கத்து உழவர் வானத்தை நம்பி வாழ்பவர். புரட்டாசியில் மழை பெய்தால் விதைப்பர். பெய்யாவிடின் விதையை மூட்டையிலேயே வைத்துக்கொண்டு வடகிழக்குத் திசையைப் பார்த்திருப்பர். ஆகையால் எங்கள் ஊரில் இருவர் சந்தித்தால் நலம் கேட்பதற்கு முன் மழையைப் பற்றிக் கேட்பது வழக்கம். என் அன்னையாரும் அவ்வழக்கத்தில் ஊறியவர்.

2012ஆம் ஆண்டு வேலையின் பொருட்டு நான் சிங்கப்பூருக்குச் சென்றேன். அடுத்த ஆண்டு என் மனைவியும் கைக்குழந்தையாக இருந்த மகளும் வந்து சேர்ந்தனர். மகன் அங்கேயே பிறந்தான். வீடமைப்புக் கழகம் கட்டிய உயர்ந்த கட்டடம் ஒன்றில், பதினோராம் மாடியில், வாடகைக்கு ஒரு வீடு எடுத்து வாழ்ந்தோம். அந்நாட்டில் வாழ்வோருள் பெரும்பாலோர் 1960இல் தோன்றிய அக்கழகத்தின் வீடுகளிலேயே குடியிருக்கின்றனர். ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்னும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989இல் ஒரு விதி செய்தனர். அதனால் எங்கள் இடப்பக்கத்து வீட்டில் சீனக் குடும்பம். வலப்பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். ஒரு வீட்டில் பூண்டு வதங்கும் மணமும் மற்றொரு வீட்டில் தேங்காய்ப்பாலில் வேகும் சோற்றின் மணமும் எங்கள் வீட்டுச் சாம்பார் மணத்தோடு நடைவழியில் கலந்து வீசும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். கதிரவன் காலை ஏழு மணியளவில்தான் எழுவான். பள்ளியோ ஏழரை மணிக்குத் தொடங்கிவிடும். ஆகையால் என் மகள் இருள் விலகும் முன்பே எழுந்து, அரைத் தூக்கத்தில் இட்டிலியை விழுங்கி, மின்தூக்கியில் இறங்கி ஓடுவாள். அவள் தலைக்கு எண்ணெய் தடவிப் பின்னுவது என் மனைவியின் வேலை. காலணியின் கயிற்றைக் கட்டுவது என் வேலை. மாலையில் இருவரும் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பிள்ளைகள் களைத்திருப்பர், நாங்களும் களைத்திருப்போம். சமைத்து, உண்டு, வீட்டுப்பாடம் முடித்து, துணிகளைச் சன்னலுக்கு வெளியே நீண்ட கழிகளில் கோத்து உலர்த்திவிட்டுப் படுக்க இரவு பத்து மணியாகும். அயல்நாட்டு வாழ்வு என்றதும் கண்ணைக் கவரும் கட்டடங்களே பலருக்கு நினைவு வரும். எனக்கு நினைவு வருவது அந்தக் கழிகளில் தொங்கும் சிறிய வெண்சட்டைகளே.

அக்களைப்பில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். விரைவாகச் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லப் பழகினோம். "உடனே உண்", "கதவைச் சாத்து", "ஓடாதே" என்பனவற்றுக்கு எங்கள் மொழியில் சொல்லில்லாமல் போகவில்லை. பள்ளியில் கேட்கும் மொழியிலேயே சொன்னால் பிள்ளைகள் உடனே செய்வர் என்பதே காரணம். அங்கே தமிழுக்கு என்ன குறை? மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழி. பணத்தாளில் தமிழ் உண்டு. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ் உண்டு. பள்ளியில் தமிழ்ப்பாடம் உண்டு. ஏப்ரல் திங்கள்தோறும் தமிழ்மொழி விழாவும் உண்டு. ஆயினும் 2020இல் எடுத்த குடிமதிப்பில், வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர் நூற்றுக்கு 48 பேருக்கும் மேல். தமிழ் என்று சொன்னவர் இரண்டரைப் பேர். அரசு தமிழுக்கு நாற்காலி இட்டிருந்தது. என் வீட்டு அடுக்களையில் அதற்கு ஒரு பலகை கூட இல்லை.

ஒருநாள் மகளை அழைத்துவரப் பள்ளி வாயிலுக்குச் சென்றேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. "வா தாயி, பசிக்கிறதா?" என்று கேட்டேன். அவள் தோழியரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என் கையைப் பற்றி இழுத்து, "அப்பா, இங்கே தமிழில் பேசாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் மெல்லக் கூறினாள். எனக்குச் சினம் வரவில்லை. ஆனால் வீடு வந்து சேரும் வரை ஒன்றும் பேச இயலவில்லை.

அன்றிரவு எனக்கு எங்கள் ஊரின் அடுத்த தெரு நினைவுக்கு வந்தது. அங்கே தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. அவர்தம் முன்னோர் சில நூற்றாண்டுகளுக்கு முன் தெற்கே வந்து கரிசலைத் திருத்திக் குடியேறியவர். அம்மொழியை எங்கள் ஊரில் எந்தப் பள்ளியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அவருள் பலருக்கு அதை எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. என் பள்ளித்தோழன் ஒருவன் வகுப்பில் தமிழில் என்னை வெல்வான். வீட்டு வாயிலை மிதித்ததும் தன் ஆச்சியிடம் தெலுங்கில் பேசுவான். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் தோன்றிய எழுத்தாளர் கி. ராஜநாராயணனும் தெலுங்கு பேசும் குடும்பத்தவரே. கரிசல் மக்களின் பேச்சுவழக்குச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தவரும் அவரே. நூலும் பள்ளியும் இன்றி ஒரு மொழி இத்தனை தலைமுறை நின்றது எப்படி? அடுக்களையிலும் தொட்டிலடியிலும் அதைப் பேச ஆச்சிமார் இருந்தனர். நான் என் பிள்ளைகளின் ஆச்சியை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

2019ஆம் ஆண்டு நீண்டகால அனுமதி பெற்று என் அன்னையாரை அழைத்து வந்தோம். பதினோராம் மாடி அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. "காலில் மண் படாத வீடு என்ன வீடு?" என்பார். நாள்தோறும் மாலையில் கீழே இறங்கிச் சென்று, புல்தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் நிற்பார். மின்தூக்கியின் கதவைக் கண்டு அஞ்சுவார். மகன் முந்தி ஓடும்போதெல்லாம், "பைய, ராசா, பைய!" என்று கூவுவார். நான்கு வயதுச் சிறுவன் அதைக் கேட்டதும் வீட்டுக்குள் திரும்பி ஓடித் தன் புத்தகப் பையை எடுத்து வந்து நீட்டுவான். மூன்று நாள் இவ்வாறு நடந்தது. "கேட்காத பையை ஏன் கொண்டுவருகிறான்?" என்று அன்னையாருக்கு வியப்பு, "பை பை என்று கேட்டுவிட்டு ஏன் வாங்க மறுக்கிறார்?" என்று சிறுவனுக்கு வியப்பு. பைய என்றால் மெல்ல என்று பொருள், திருக்குறளிலும் வரும் சொல் அது என்று நான் விளக்கியபோது மகள் வாய்விட்டுச் சிரித்தாள். தன் தமிழ்ப்பாட நூலில் அச்சொல் இல்லையே என்று மறுநாள் என்னிடம் வாதிட்டாள். பின்பு தானே ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் 'பைய' என்று எழுதினாள். நாளடைவில் அதில் 'வெஞ்சனம்', 'தார்சா' முதலிய சொற்கள் ஏறின.

அன்னையார் பெற்ற நட்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். இடப்பக்கத்துச் சீன வீட்டில் ஒரு மூதாட்டியார் இருந்தார். ஹொக்கியன் என்னும் தென்சீன மொழியில் பாட்டியை 'ஆமா' என்பர். எங்கள் பிள்ளைகளும் அவரை அவ்வாறே அழைத்தனர். "அந்த அம்மாளைப் பார்த்தாலே ஏன் 'ஆமா, ஆமா' என்று ஒத்துக்கொள்கிறீர்கள்? அவர் ஒன்றும் கேட்கவில்லையே?" என்று அன்னையார் வினவினார். பொருள் தெரிந்த பின்னும் அவர் அப்பெயரை விடவில்லை. இரு மூதாட்டியரும் நடைவழியில் நாற்காலி இட்டு அமர்ந்து, ஒருவர் தமிழிலும் ஒருவர் சீனத்திலும் மணிக்கணக்காகப் பேசுவர். என்ன பேசினர் என்பதை நாங்கள் அறியோம். தீபாவளிக்கு அதிரசம் அங்கே சென்றது. 2020 சனவரியில் சீனப் புத்தாண்டுக்கு அவர்தம் வழக்கப்படி ஓர் இணை ஆரஞ்சுப் பழம் இங்கே வந்தது.

இரவில் அன்னையார் கதை சொல்வார். நரி, குருவி, ஏழு பிள்ளைகளைப் பெற்ற தாய், மழை பெய்யாத ஊரில் தவளைக்கு மணம் செய்தது என்று கதை நீளும். கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நிற்கும். மகள் தூக்கத்திலும் 'உம்' கொட்டுவாள்.

பிப்ரவரியில் ஊரில் உளுந்து அறுவடை முடிந்து களத்தில் கிடப்பதாகத் தம்பி தெரிவித்தான். அதன்பின் அன்னையாரை நிறுத்த முடியவில்லை, ஊருக்குத் திரும்பினார். சில வாரங்களில் உலகெங்கும் கொரோனா நோய் பரவியது. மார்ச்சு 23 முதல் இந்தியாவுக்கு வந்துபோகும் பயணிகள் வானூர்திப் போக்குவரத்து நின்றது. ஏப்ரல் 7 முதல் சூன் 1 வரை சிங்கப்பூரில் வீடுகள் அடைபட்டன. ஒரே மேசையில் மகள் பள்ளிப்பாடம் கேட்டாள். மறுமுனையில் நான் அலுவலகம் நடத்தினேன். மேசைக்கு அடியில் மகன் வீடு கட்டினான்.

புரட்டாசியில் அன்னையார் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. தம்பியும் அவன் மனைவியும் அருகிருந்து பார்த்துக்கொண்டனர். அந்நாளில் தனி ஏற்பாட்டில் சில வானூர்திகள் ஓடின. ஆனால் என்னைப் போல வேலை அனுமதியில் இருப்பவர் வெளியே சென்றால், மீண்டும் நுழையத் தனியே ஒப்புதல் பெற வேண்டும். அஃது எப்போது கிடைக்கும் என்று எவரும் உறுதி கூறவில்லை. வேலை போனால் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் உடன் போகும். மூன்று இரவு நானும் மனைவியும் உறங்காமல் எண்ணினோம். நான் செல்லவில்லை. அம்முடிவு சரியென்று மற்றவர் கூறினர். நான் இன்றளவும் அவ்வாறு கூறிக்கொள்ளத் துணியவில்லை.

மகள்தான் ஒரு வழி கண்டாள். எங்கள் ஊருக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. இங்கே இரவு எட்டு மணியானால் அங்கே மாலை ஐந்தரை; அன்னையாருக்கு வலி மிகும் நேரம் அது. நாள்தோறும் அந்நேரத்தில் மகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சன்னலருகே அமர்ந்து, ஆச்சியிடம் கேட்ட கதைகளை ஆச்சிக்கே சொல்லத் தொடங்கினாள். அவள் தமிழ் தடுக்கும், வினைமுற்று மாறும், நரி 'வந்தது' என்பதை 'வந்தார்' என்று சிறப்பிப்பாள். நான் திருத்த வாயெடுத்தபோது மனைவி என் தோளைத் தொட்டுத் தடுத்தாள். அந்த முனையில் பாயில் கிடந்தபடி என் அன்னையார் 'உம்' கொட்டுவார். சில நாள் 'உம்' மிகவும் மெலிந்து கேட்கும். அப்போது மகள் கதையை நிறுத்தி, "ஆச்சி, உறங்கிவிட்டீர்களா?" என்பாள். "இல்லை தாயி, சொல்லு, பையச் சொல்லு" என்று மறுமொழி வரும்.

அவர் எழுந்து கோல் ஊன்றி நடக்க ஐந்து திங்கள் ஆயிற்று. 2022 மார்ச்சு இறுதியில் வானூர்திகள் வழக்கம்போல் ஓடத் தொடங்கின. அவ்வாண்டுப் பள்ளி விடுமுறையில், திசம்பர்த் திங்களில், நாங்கள் குருவிகுளம் சென்றோம். முதல்நாள் பெய்த மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. மகனின் காலணியில் மண் ஒட்டி ஒட்டி ஒவ்வோர் அடிக்கும் கனம் கூடியது. ஓரிடத்தில் காலணி மண்ணிலேயே நின்றுவிட, அவன் வெறுங்காலோடு முன்னே சென்றுவிட்டான். திண்ணையில் அமர்ந்திருந்த அன்னையார் அதைக் கண்டு பெரிதும் சிரித்தார். மகள் தன் குறிப்பேட்டை அவரிடம் நீட்டினாள். அவருக்கு எழுத்துத் தெரியாது. மகள் ஒவ்வொரு சொல்லாகப் படிக்க, அவர் தலையசைத்துக் கேட்டார். "இதையெல்லாமா எழுதினாய்? இது எல்லாரும் பேசுவதுதானே!" என்றார்.

நாங்கள் மீண்டும் கடல் கடந்து வந்தோம். தொலைபேசியில் அன்னையார் முதலில் கேட்பது எப்போதும் "அங்கே மழை உண்டா?" என்பதே. முன்பெல்லாம் பிள்ளைகள் இதைக் கேட்டு நகைப்பர். சிங்கப்பூரில் மழை இல்லாத திங்களே இல்லை. அடுத்த ஆண்டு புரட்டாசியில் ஒருநாள் மகள், அவர் கேட்கும் முன்பே, "அங்கே மழை உண்டா ஆச்சி?" என்று வினவினாள்.

"நேற்று இரவு ஓர் உழவு மழை பெய்தது தாயி. தம்பி விதைக்கப் போயிருக்கிறான்" என்றார் அன்னையார்.

மகள் பேசியைக் கையால் மூடிக்கொண்டு, ஓர் உழவு மழை என்றால் எவ்வளவு என்று என்னைக் கேட்டாள். ஏர்முனை இறங்கும் ஆழம் வரை மண் நனைவது என்று சொல்லி, மேசைமேல் விரலை நிறுத்தி அளந்து காட்டினேன். அவள் குறிப்பேட்டைத் தேடி உள்ளே சென்றாள்.