சந்திரகிரிக்கு மேலே ஓர் அந்துப்பூச்சி

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலை, ஊர் நெருங்கும் நேரத்தில் சந்திரகிரியைத் தொட்டுச் செல்கிறது. ராஜ மகாலையும் பாறைமேல் நிற்கும் கோட்டைச் சுவரையும் பஸ் ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பயணிகள் ஏழுமலையான் நினைப்பில் ஆழ்ந்துவிடுகிறார்கள். சென்னைப் பட்டணத்துக்கு இடம் எழுதிக் கொடுத்த ஊர் என்று சந்திரகிரிக்கு ஒரு பெயர் உண்டு. சென்னையோடு அதற்கு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. இது ஆகாய மார்க்கத்தில்.

வரைபடத்தில் பெல்லாரிக்கும் சென்னைக்கும் இடையே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது சந்திரகிரியையும் புத்தூரையும் உரசிக்கொண்டு போகும். நீளம் சுமார் 425 கிலோமீட்டர். டாடாவின் முதல் விமானத் தபால் சென்னைக்கு வந்த கடைசிக் கட்டம் இதுதான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவுக்குத் தபால் மூட்டையோடு வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பொறுப்பேற்றார். இரவு பெல்லாரியில் தங்கல்; மறுநாள் சென்னை. இத்திட்டத்தை டாடாவிடம் கொண்டுபோனவரே இந்த வின்சென்ட்தான். பிரிட்டிஷ் விமானப் படையின் முன்னாள் பைலட். 1942-ல், போர்க்காலத்தில், விமானப் பயணத்திலேயே மறைந்தார்.

பெல்லாரி, சித்தூர் இரண்டுமே அன்று சென்னை ராஜதானியில் இருந்தன. திருமலைக்கு மோட்டார் சாலை வந்தது 1944-ல்தான். பக்தர்கள் படியேறியோ டோலியிலோ மலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தபால் ஆகாயத்தில் பறந்து வந்தது! விமானத்தில் ரேடியோ கிடையாது. அக்காலப் பைலட்களுக்கு ஆறும் குன்றும் ரயில் தண்டவாளமுமே வழிகாட்டிகள்.

அந்த விமானத்தின் பெயர் புஸ் மாத். பூச்சிகள் மேல் பிரியம் கொண்ட ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், தன் சிறு விமானங்களுக்கு அந்துப்பூச்சிகளின் பெயரைச் சூட்டினார். இரும்புக் குழாய்ச் சட்டம், மர இறக்கை, மேலே துணிப் போர்வை, 120 குதிரை சக்தி எஞ்சின். பைலட்டுக்கு மூடிய அறை உண்டு என்பது அன்று பெரிய சொகுசு. ஆனால் ஆரம்ப வருடங்களில் சில விமானங்கள் நடுவானில் இறக்கை முறிந்து விழுந்தன. அதன்பின் தாங்கு கம்பிகள் திருத்தப்பட்டன. இப்படிப்பட்ட ஒன்றில்தான் தபால் ஒழுங்காக வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மொத்தம் தயாரானவை 284. இன்று உலகில் மிஞ்சியிருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மரமும் பசையும் துணியும் எத்தனை மழைக்காலம் தாங்கும்? கனடாவின் ஒட்டாவா மியூசியத்தில் ஒன்று இருக்கிறது. லண்டனில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி வைத்திருந்தது. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ஃபார்ச்சூனில் இன்னொன்று. இளைஞர் ஜிம்மி மெல்ரோஸ் 1934 லண்டன் - மெல்போர்ன் பந்தயத்தில் தனியாக ஓட்டிச் சென்றது இதுதான். அலகாபாத் அப்பந்தயத்தின் கட்டாய நிறுத்தம் என்பதால், நம் ஆகாயத்தைப் பார்த்த ஒரு புஸ் மாத்தாவது பத்திரமாக இருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டில்? டெல்லி பாலம் விமானப் படை மியூசியத்தில் வாபிட்டி, லைசாண்டர் போன்ற போர்க்கால அபூர்வங்கள் உண்டு. குண்டு போட்டவற்றுக்குக் கிடைத்த கூரை கடிதம் சுமந்ததற்குக் கிடைக்கவில்லை. 1982-ல், தமது 78-வது வயதில், டாடா அந்தப் பயணத்தை மீண்டும் பறந்து காட்டியபோது அவர் ஓட்டியதுகூட புஸ் மாத் அல்ல. அதன் தம்பியான லெபர்ட் மாத். 1962-ல் நடந்த முதல் மறுபயணத்தைப் போலவே அதுவும் பம்பாயோடு நின்றது. பெல்லாரி, சந்திரகிரி, புத்தூர் பக்கம் யாரும் வரவில்லை.