பைராம் தோட்டத்து இழைப்புளி

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலோ, பின்கட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலோ, தாத்தா காலத்துச் சாமான் பெட்டி ஏதாவது தூசி படிந்து கிடக்கிறதா? அப்படியானால் இதைப் படித்து முடிக்கும்வரை அதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வருகிறதே பழைய சாமான் லாரி, அது நாளைக்கும் வரும். நாளை மறுநாளும் வரும். ஆனால் அதில் ஏறிப் போன பெட்டி திரும்பி வராது.

இப்போது என்னோடு பைராம் தோட்டத்துப் பக்கம் வாருங்கள்.

பினாங்கு என்றதும் எல்லாருக்கும் தீவுதான் நினைவுக்கு வரும். பெருநிலத்திலும் ஒரு பினாங்கு உண்டு. அதன் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் இருப்பது நிபோங் திபால் பட்டணம். அங்கே இரயிலை விட்டு இறங்கினால் கலிடோனியா, பைராம் என்று நம் பாட்டன்மார் வியர்வை சிந்திய தோட்டங்களின் பெயர்கள் இன்னமும் பேச்சில் புழங்குவதைக் கேட்கலாம். பைராம் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் உண்டு.

இந்தப் 'பைராம்' நம் ஊர்ப் பெயர் அல்ல. இங்கிலாந்தில், யார்க்‌ஷியர் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். ராம்ஸ்டன் என்ற சீமான் குடும்பத்தாரின் பூர்வீக இருப்பிடம் அது. அக்குடும்பத்தார் இங்கே தோட்டம் வைத்திருந்தார்கள். தங்கள் ஊர்ப் பெயரையே தோட்டத்துக்கும் சூட்டினார்கள். கலிடோனியாவில் 99 கதவு மாளிகை என்று சொல்லப்படும் பாழடைந்த பங்களாவும் அவர்களுடையதுதான். முதலில் கரும்பு, பிறகு ரப்பர், அப்புறம் செம்பனை. கரும்புக் காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள் நம்மவர்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. சீமானின் ஊர்ப் பெயர் நிலைத்துவிட்டது. வெட்டியவர், சுமந்தவர், இழைத்தவர் பெயர்கள் எங்கே?

இழைத்தவர் என்று சொன்னேன் அல்லவா? அவரைப் பார்க்கத்தான் போனேன்.

பெட்டிக்குள் மூன்று

அவர் எண்பது வயதைத் தாண்டியவர். தோட்டத்தில் ஆசாரி வேலை பார்த்தவர். அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை. லயத்துக் கதவு சாய்ந்தால் அவர்தான். தொழிற்சாலையில் பலகை உடைந்தால் அவர்தான். பிள்ளை பிறந்தால் தொட்டில் கட்டை இழைத்துக் கொடுப்பார். பெரியவர் கண்ணை மூடினால் பெட்டிக்குப் பலகை அறுப்பார். இப்போது தோட்டத்தை விட்டு வந்து, தாமான் வீடொன்றில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார்.

வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவருடைய பேத்தி ஓடி வந்தாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மடிக்கணினி வாங்க வேண்டும். கைப்பேசியை என் கண் முன்னே நீட்டினாள்.

"மாமா, இதப் பாருங்க. ஸ்டான்லி இழைப்புளி ஒன்னு, ஆயிரத்து ஐந்நூறு அமெரிக்க டாலர்னு போட்டிருக்கான். நம்ம தாத்தாகிட்டயும் ஸ்டான்லி இருக்கு!"

தாத்தா ஒன்றும் பேசவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே மூன்று இழைப்புளிகள். ஒன்று இரும்பில், 'ஸ்டான்லி, 5ஆம் எண், மேட் இன் இங்கிலண்டு'. மற்றொன்று ஒடுங்கிய மர இழைப்புளி; மூக்கில் 'மேத்திசன், கிளாஸ்கோ' என்ற முத்திரை. மூன்றாவது, கருத்துப்போன மெர்பாவ் மரத்தில் கையாலேயே செதுக்கியது. அதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. "அது எங்கப்பா செஞ்சது, தம்பி" என்றார்.

எண்தான் விலை

அந்தப் பிள்ளையின் கனவை நான் கலைக்கத்தான் வேண்டியிருந்தது.

இழைப்புளியில் உளியைச் சரிப்படுத்த அக்காலத்தில் ஆப்பைச் சுத்தியால் தட்டுவார்கள். திருகைத் திருப்பினால் உளி ஏறி இறங்கும்படி அமைத்தவர் அமெரிக்கரான லெனார்ட் பெய்லி. அவருடைய உரிமைகளை 1869இல் ஸ்டான்லி கம்பெனி வாங்கியது. 1 முதல் 8 வரை எண் போட்டு அளவு பிரித்தது. 1ஆம் எண் வெறும் ஐந்தரை அங்குலம். உள்ளங்கைக்குள் அடங்கும் பொம்மை மாதிரி. 8ஆம் எண் 24 அங்குலம். நம் தாத்தாவின் 5ஆம் எண் 14 அங்குலம். தச்சர்கள் அதிகம் கையாண்டது இது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். வேலைக்கு மிகவும் உதவும் 4ஆம், 5ஆம் எண்கள் இலட்சக்கணக்கில் விற்றன. ஆகவே இன்றும் மலிவு. வேலைக்கு அவ்வளவாக உதவாத 1ஆம் எண்ணைக் கொஞ்சம் பேர்தான் வாங்கினார்கள். ஆகவே இன்று அது கிடைப்பதரிது. இணைய ஏலத்தில் நல்ல நிலையில் வந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டிப் போவது வழக்கம். அதைப் பார்த்துப் போலிகளும் வந்துவிட்டன. பிள்ளை கைப்பேசியில் கண்டது அந்த 1ஆம் எண்! இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் 1930களின் பிற்பகுதியிலிருந்து வார்க்கப்பட்ட 5ஆம் எண்ணோ இருபது, முப்பது பவுனுக்குப் போனால் பெரிது. எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. தபால் செலவு சாமானின் விலையையே விழுங்கிவிடும்.

இன்னொன்றையும் சொன்னேன். கைப்பேசியில் விற்கிறவர் கேட்கும் விலை வேறு, ஏலம் முடிந்து கைமாறிய விலை வேறு. கேட்பதற்குக் காசா பணமா? முடிந்த ஏலங்களை மட்டும் தனியே காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதுதான் உண்மை விலை.

பூசை போட்டதால் வந்த நட்டம்

ஸ்டான்லி இழைப்புளியைக் கையில் எடுத்தேன். பளபளவென்று வெள்ளிச் சாயம்! ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசைக்கு முதல் நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் அடித்து, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைப்பது தாத்தாவின் வழக்கமாம்.

நமக்கு அது மரியாதை. சேகரிப்பவருக்கோ அது சேதம். காலத்தால் ஏறிய கருமை, கைபட்டுக் கைபட்டு வந்த வழவழப்பு, முதலில் பூசிய கறுப்புப் பூச்சு ஆகியவைதான் அவருக்கு வேண்டும். தேய்த்தெடுத்தால் விலை இறங்கிவிடும். இதைச் சொன்னதும் தாத்தா சிரித்தார். "சோறு போட்ட சாமானத் தொடைக்காம எப்படித் தம்பி சாமி கும்பிடுறது?" நியாயம்தானே! நான் மேலே பேசவில்லை.

லோரோங் கூலிட்டில் ஒரு காலை

ஞாயிறன்று பேத்தியும் நானும் பட்டர்வொர்த்துக்கு இரயிலேறி, படகில் கடலைக் கடந்து, ஜார்ஜ் டவுனுக்குப் போனோம். நகர அரங்கின் பக்கத்தில் உள்ள லோரோங் கூலிட்டில் காலையில் பழைய சாமான் சந்தை கூடும். பழைய காசு, கடிகாரம், பீங்கான், இரும்புச் சாமான் என்று தரையெல்லாம் பரப்பியிருப்பார்கள். அங்கே சீன இழைப்புளிகளைக் கண்டோம். உடலின் குறுக்கே ஒரு கட்டையைச் செருகியிருக்கும். இரு கையாலும் அதைப் பிடித்துத் தள்ள வேண்டும். ஜப்பானியருடையதோ தன் பக்கம் இழுப்பது. மலாய் மொழியில் இழைப்புளிக்கும் நண்டுக்கும் 'கெத்தாம்' என்று ஒரே பெயர். பேத்தி அதைச் சொல்லிச் சிரித்தாள்.

கடைக்காரர் ஸ்டான்லியைப் புரட்டினார். முதலில் அடிப்பாகத்தைப் பார்த்தார். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வாய்ப்பகுதியில் மயிரிழை போல் விரிசல் விடும். விரிசல் இருந்தால் விலை போகாது. பிறகு உளியை உருவி, எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். மூடி, திருகு, பிடி யாவும் ஒரே காலத்தவையா என்று சோதித்தார். "எழுபது வெள்ளி" என்றார். அவர் பேரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேத்திதான் முகம் வாடினாள்.

திரும்பும் வழியில் லவ் லேன் தெருவுக்கு அழைத்துப் போனேன். அங்கே சீனத் தச்சர்களின் சங்கம் இருக்கிறது. தச்சர்களின் ஆதி குருவான லூ பானுக்குச் சன்னிதி வைத்திருக்கிறார்கள். நமக்கு விசுவகர்மா எப்படியோ அப்படி அவர்களுக்கு அவர். 2008இல் ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டதே, அந்தப் பழைய கட்டடங்களின் கதவும் சன்னலும் இழைத்தவர்களுக்கு இப்படி ஒரு கூரை இருக்கிறது. நம் தோட்டத்து ஆசாரிகளுக்கு?

ஒரு முத்திரையின் கதை

படகுக்குக் காத்திருந்தபோது அவளுக்கு ஒரு கதை சொன்னேன். கதையல்ல, நடந்தது. அமெரிக்காவில் ரெந்தம் என்ற ஊரில் சீசர் செலர் என்று ஒருவர் இருந்தார். கறுப்பர், அடிமை. பிரான்சிஸ் நிக்கல்சன் என்ற இழைப்புளிக்காரரிடம் தொழில் கற்றார். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது உயிலில் செலருக்கு விடுதலையும் தொழிற்கருவிகளும் கொடுத்தார். அதன்பின் செலர் தன் கையால் செய்த இழைப்புளிகளின் மூக்கில் தன் பெயரைப் பொறித்தார். பெயரோடு 'ரெந்தமில் வசிக்கிறவர்' என்றும் சேர்த்தார். 1784இல் காலமானார். இன்று அந்த முத்திரையுள்ள மரக்கட்டை ஒன்று ஏலத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். அருங்காட்சியகங்கள் பாதுகாக்கின்றன.

கட்டை ஒன்றுதான். பெயர் இருந்ததால் அந்த மனிதர் பிழைத்தார். பெயர் இல்லாத கட்டை விறகு.

பிள்ளை வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஸ்டான்லியை அவள் உள்ளூர் இணையச் சந்தையில் படம் போட்டாள். சாயம் அடித்ததை மறைக்காமல் எழுதினாள். ஓர் இளம் தச்சர், வேலைக்கே வேண்டும் என்று 140 வெள்ளிக்கு வாங்கிப் போனார். மடிக்கணினிக்கு அது போதாது. விடுதிக்குக் கொண்டுபோகப் பெட்டி, பாய், தலையணை வாங்கப் போதுமானதாக இருந்தது. கணினிக்கு அப்பா கூட்டுச்சீட்டு எடுத்தார். மேத்திசன் பெட்டியிலேயே இருக்கிறது. மர இழைப்புளியை விற்பது என்ற பேச்சே எழவில்லை.

அடுத்த முறை நான் போனபோது அந்த மெர்பாவ் கட்டையை எடுத்துக் காட்டினாள். அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, தாத்தாவே அதன் மூக்கில் தம் தந்தையின் பெயரைச் சுட்டிருக்கிறார். கை நடுக்கத்தால் எழுத்துக் கோணியிருந்தது. கீழே, 'பைராம் தோட்டம்'.

உங்களுக்குச் சில வார்த்தை

உங்கள் வீட்டிலும் இழைப்புளி இருந்தால் முதலில் தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மூக்கிலும், உளியிலும், பிடிக்குப் பின்னாலும் பெயர், எண், தேதி இருக்கிறதா என்று பாருங்கள். நோரிஸ், ஸ்பியர்ஸ் போன்ற பெயர் கண்டால் அவசரப்படாதீர்கள். மரம் பொதிந்த அந்த இரும்பு இழைப்புளிகள் நூற்றுக்கணக்கான பவுனுக்குப் போகும். விற்பதானால் அடிப்பாகம், வாய், முத்திரை எல்லாம் தெரியப் படம் எடுங்கள். பணம் கைக்கு வருமுன் சாமானை அனுப்பாதீர்கள். பழைய அமெரிக்க இழைப்புளி சிலவற்றின் பிடி பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரம். 1992 முதல் அம்மரத்துக்கு அனைத்துலக வணிகத்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. தந்தம் பதித்தவைக்கும் அப்படியே. வெளிநாட்டுக்கு அனுப்புமுன் விசாரியுங்கள்.

விற்றாலும் சரி, வைத்தாலும் சரி, ஒரு காரியம் மட்டும் இன்றே செய்யுங்கள். அதைக் கையாண்டவர் பெயர், தோட்டத்தின் பெயர், என்ன செய்தார் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளுக்குச் சந்தையில் விலை இல்லை. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் பெட்டியைத் திறக்கும் அன்று முதலில் தேடப்போவது அதைத்தான்.