ஜன்னலும் பீரோவும் தறியும்

சங்கரன்கோவிலில் ரத வீதியை விட்டு உள்ளே திரும்பினால் சந்துகள் குறுகிக்கொண்டே போகும். ஒரு வீட்டின் பக்கச்சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். சில வீடுகளின் முன்கட்டில் விசைத்தறி ஓடுகிறது. வாசலில் நின்று பேசினால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டும். அண்ணன் வீடு அப்படி ஒரு சந்தில் இருக்கிறது. அண்ணன் மகளுக்குச் சென்னையில் மென்பொருள் வேலை, வாரத்தில் பாதி நாள் இங்கிருந்தே பார்க்கிறாள். இந்தப் பக்கத்தில் இது இப்போது புதுமை இல்லை. தென்காசிக்குப் பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லேயே அலுவலகம் போட்டுவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் பலர் மடிக்கணினியோடுதான் திரும்பினார்கள்.

வீட்டில் நெட் சரியில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு காரணம் வந்தது.

"சாயங்காலம் ஆனா ஊரே நெட்டு பாக்குது, நமக்கு எங்கன வரும்?" என்றார் மதினி.

அண்ணனுக்குச் சந்தேகம் பக்கத்து வீட்டுத் தறி மேல். "அவன் தறிய போட்டாம்னா இங்க நெட்டு போயிரும். நானே பாத்திருக்கேன்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "சித்தப்பா, நூறு எம்பி பிளான்னு காசு வாங்குதாவ. மாடியில ஒக்காந்தா ரெண்டு கூட வரல. மீட்டிங்ல நான் பேசுனது பாதி அவங்களுக்குக் கேக்கவே இல்ல."

மூன்றும் மூன்று வேறு நோய்கள் என்பது அன்று இரவுக்குள் தெரிந்தது. ஆனால் மூவரும் சொன்ன காரணம் எதுவும் முழுச் சரியில்லை.

முதலில் வைஃபை பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பட்டாசாலையில் டிவி, அதன் பக்கத்தில் மரத்தால் ஆன ஷோகேஸ், அதற்குள் கொலு பொம்மைகளுக்குப் பின்னால் பெட்டி. ஒட்டினாற்போல் ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. கேபிள் டிவி கம்பி அங்கேதான் வந்திருந்தது, பிளக் பாயின்ட்டும் அங்கேதான் இருந்தது. அதனால் ஃபைபர் போட வந்தவரும் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பல வீடுகளில் வைஃபை பெட்டியின் இடத்தை முடிவு செய்வது டிவிதான்.

பொம்மைகளை நகர்த்தி விளக்குகளைப் பார்த்தேன். பவர் எரிகிறது. பான் என்ற விளக்கு துடிக்காமல் பச்சையாக நிற்கிறது, அதாவது வெளியிலிருந்து ஒளி ஒழுங்காக வந்து கம்பெனிப் பெட்டியோடு பேச்சு நடக்கிறது. எல்.ஓ.எஸ். விளக்கு அணைந்திருக்கிறது. அது சிவப்பாக எரிந்தால்தான் ஒளி வரவில்லை என்று பொருள். பலர் இந்த விளக்குகளைப் பார்ப்பதே இல்லை, நேரே பெட்டியை அணைத்துப் போடுகிறார்கள். அணைத்துப் போட்டால் பல நேரம் சரியாகவும் ஆகிவிடும். சூடு தணிகிறது, நெரிசல் குறைந்த வேறு சேனலைப் பெட்டி தானாகத் தேர்ந்துகொள்ளலாம், அடைத்துக் கிடந்த இணைப்புப் பட்டியல்கள் அழிகின்றன. ஆனால் காரணம் என்ன என்ற தடயமும் அதோடு அழிந்துவிடும். எந்த விளக்கு எரிந்தது, எது அணைந்தது என்று பார்த்துவிட்டு அணைப்பது நல்லது.

அடுத்தது கம்பி. மகளின் மடிக்கணினியை லேன் கேபிளில் பெட்டியோடு நேராகச் செருகி வேகத்தைப் பார்த்தோம். 94 மெகாபிட்டில் நின்றது. அந்தப் பெட்டியின் போர்ட் 100 மெகாபிட் வகை. தகவலோடு சேர்ந்து போகும் முகவரி, சரிபார்ப்பு எல்லாம் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் இதற்கு மேல் காட்டாது. ஆக கம்பெனி ஏமாற்றவில்லை. "ஆனா டவுன்லோடு பண்ணா பன்னெண்டுக்கு மேல வரமாட்டேங்குதே?" என்றாள். அது மெகாபைட், எட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். விளம்பரம் பிட்டில் பேசும், கணினி பைட்டில் காட்டும். இந்த ஒரு குழப்பத்தால் எத்தனை சண்டை.

கம்பியைக் கழற்றி வைஃபைக்கு மாறினோம். பெட்டிக்கு எதிரே நின்றபோது சிக்னல் மைனஸ் 40 டெசிபல். இந்த எண் பூஜ்யத்திலிருந்து தள்ளிப் போகப் போகப் பலவீனம், பத்து தள்ளினால் பத்தில் ஒரு பங்கு. பட்டாசாலை தாண்டி அடுக்களை வாசலில் மைனஸ் 63. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67 வரை தாங்கும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. மாடிப்படியில் ஏற ஏற இறங்கியது. மேலே அவள் மேசையில் மைனஸ் 82. கீழே இருந்ததில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"ஆனா ரெண்டு கோடு காட்டுதே சித்தப்பா?"

கோடு காட்டுவது பெட்டி பேசுவது இவளுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான். இவள் பேசுவது பெட்டிக்குக் கேட்க வேண்டுமே. கோயில் ஒலிபெருக்கி சந்து முழுக்கக் கேட்கிறது என்பதற்காக, சந்திலிருந்து நாம் முணுமுணுப்பது கோயிலுக்குக் கேட்குமா? பெட்டியைவிடக் கைபேசி, மடிக்கணினியின் குரல் பொதுவாகச் சன்னமானது. அதனால்தான் மீட்டிங்கில் மற்றவர்கள் பேசுவது இவளுக்குக் கேட்டது, இவள் பேசியது அறுந்து அறுந்து போனது.

தடுப்பது எது? பழைய பகுதியின் ஒன்றரை அடிச் செங்கல் சுவர், பிறகு கட்டிய மாடியின் கம்பி போட்ட கான்கிரீட் தளம், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த பீரோ. செங்கல் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். இரும்பு அப்படியே திருப்பி அடித்துவிடும். மாடிப்படிக்கும் பெட்டிக்கும் நடுவில் சரியாக பீரோ நின்றிருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மாடிக்கு எட்டவே இல்லை. அது வேகமானது, ஆனால் சுவர்களில் 2.4-ஐவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கைபேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றைத் திறந்து மாடியிலேயே பிடித்தேன். திரையில் அண்டை வீடுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. சாமி பெயர்கள், பேரப்பிள்ளை பெயர்கள், 'பாஸ்வேர்டு கேக்காத' என்று ஒன்று. வேடிக்கை என்னவென்றால் மாடியில் அண்ணன் வீட்டுப் பெட்டியைவிட அடுத்த வீட்டுப் பெட்டிதான் பலமாகக் கேட்டது. பொதுச்சுவர் வீடுகளில் இது சாதாரணம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை இந்தியாவில் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005-ல் அரசு திறந்துவிட்டது. அதில் இங்கே 13 சேனல்கள். ஆனால் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஒரு பெட்டி பேச எடுத்துக்கொள்ளும் அகலம் 20. எனவே ஒன்றோடொன்று உரசாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று. ஒரே சேனலில் இருக்கும் பெட்டிகள் ஒன்று பேசும்போது மற்றது பொறுத்திருக்கும், மெதுவாக இருந்தாலும் மரியாதை உண்டு. இடையில் 3, 8 என்று உட்கார்ந்துகொண்டால் இரண்டு பக்கத்துக்கும் அது வெறும் இரைச்சல். அண்ணன் வீட்டுப் பெட்டி 8-ல் இருந்தது. அதுவும் 40 அகலத்தில், சந்தில் பாதியை அடைத்துக்கொண்டு. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அகலத்தை 20 ஆக்கி, ஓரளவு காலியாக இருந்த 11-க்கு மாற்றினேன். கீழ்வீட்டில் உடனே வித்தியாசம் தெரிந்தது. மாடிக்கு அது போதாது.

மேசைக்குப் பக்கத்துச் சுவரில் எக்ஸ்டெண்டர் ஒன்றும் செருகியிருந்தார்கள், ஆன்லைனில் வாங்கியது. மைனஸ் 82 வரும் இடத்தில் அதை வைத்தால் அந்த மைனஸ் 82-ஐத்தான் அது வாங்கி மறுபடி பரப்பும். கைபேசியில் நாலு கோடும் நிறைந்து நிற்கும், நெட் மட்டும் வராது. வைப்பதென்றால் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்க வேண்டும். அப்போதும் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகும். என்னைக் கேட்டால் எக்ஸ்டெண்டருக்குக் கொடுக்கும் காசில் நல்ல செம்புக் கம்பி வாங்கலாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தேயாமல் போகும், எந்த வீட்டு மாடி அவ்வளவு தூரம்?

இதற்குள் பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்தது. "இப்ப பாருங்க" என்றார் அண்ணன். பார்த்தேன், நெட் போய்விட்டது. பெட்டியில் எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து மறுபடி முதலிலிருந்து எரியத் தொடங்கின. அலையில் குழப்பம் என்றால் பவர் விளக்கு ஏன் அணைய வேண்டும்? பிளக்கைத் தொட்டால் தளர்ந்து ஆடியது. சாக்கெட் இருந்தது தறி வீட்டுப் பொதுச்சுவரில். சுவர் அதிர்கிறது, பிளக் ஒரு நொடி விடுகிறது, பெட்டி செத்துப் பிழைக்கிறது. தறி மோட்டாரின் மின் இரைச்சல் வைஃபை அலைவரிசைக்கு எவ்வளவோ கீழே இருப்பது. தறி குற்றவாளிதான், ஆனால் அண்ணன் நினைத்த வழியில் இல்லை. சாக்கெட்டை மாற்றும்போது இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுக்கச் சொன்னேன். கம்பத்தில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். வீட்டுப் பெட்டி உயிரோடிருந்தால், கம்பெனிப் பக்கத்தில் பேட்டரி இருக்கும் வரை கரண்ட் போனாலும் ஃபைபரில் நெட் வரும்.

மிச்சம் இருந்தது மதினியின் சாயங்காலப் பிரச்சினை. ஃபைபர் போடும் தம்பி இதற்காக முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். "அண்ணாச்சி, நான் வாரப்ப எல்லாம் பவர் நல்லாத்தான் இருக்கு. என்ன செய்ய?" என்றார் போனில். அவர் 'பவர்' என்றது ஒளியின் பலம். வீட்டுக்கு வரும் ஒளி சுமார் மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 டெசிபலுக்குள் இருந்தால் பெட்டி வாசித்துக்கொள்ளும். அவர் வந்தது பகலில். இன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வரச் சொன்னோம்.

ஆறு மணி தாண்டியதும் மதினி கொசுவுக்குப் பயந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். தெருப் பக்க ஜன்னல் கதவு சட்டத்தில் போய் உட்கார்ந்த மறுநிமிஷம் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தது.

ஃபைபர் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. சுவரில் துளை போட மனமில்லாமல் யாரோ ஜன்னல் கம்பிக்கிடையில் நுழைத்துவிட்டிருக்கிறார்கள். தம்பி வந்து பெட்டியில் செருகியிருந்த முனையைக் கழற்றி மீட்டரில் மாட்டினார். ஜன்னல் திறந்திருந்தால் மைனஸ் 20. சாத்தினால் மைனஸ் 31. கண்ணாடி இழை ஒடியவில்லை, ஆனால் சட்டென்று மடங்கும் இடத்தில் ஒளி வளைவில் திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். மடங்கி மடங்கி அந்த இடம் நலிந்தும் இருந்தது.

"அக்கா, ராத்திரி ஜன்னல அடைக்காம தூங்குனீங்கன்னா நெட்டு போயிருக்காது" என்றார் தம்பி.

"கொசு போயிருக்குமால?" என்றார் மதினி.

நலிந்த பகுதியை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டார். சுவரில் துளையை வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ இருக்கும்படி போட்டார், மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க. வந்ததோடு வந்ததாகப் பெட்டியைப் படிக்கட்டை ஒட்டிய சுவரில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டச் சொன்னோம். அதற்கு நீளமான பேட்ச் கார்டு வேண்டியிருந்தது, வண்டியில் வைத்திருந்தார். பீரோ இப்போது வழியில் இல்லை. மாடி மேசையில் மைனஸ் 64 வந்தது. 5 கிகாஹெர்ட்ஸும் எட்டிப் பார்த்தது. மீட்டிங் கணினிக்குப் படிக்கட்டுக் கைப்பிடியோரமாக லேன் கேபிள் ஒன்றும் இழுக்க வேண்டும் என்று அளந்து வைத்தாள்.

மதினிக்குத்தான் மனசில்லை. கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுகிறது, கொம்பு கொம்பாக நாலு ஆன்டெனா, கீழே ஒயர் தொங்குகிறது.

"பாக்க அசிங்கமா இல்ல? தெரிஞ்ச பட்டறையில சொல்லி ஒரு தகரப் பெட்டி செஞ்சு மூடிப்போடட்டா?"

தம்பி மீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டே சிரித்தார். "மூடுங்கக்கா. மூடிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க, வாரேன்."